மறு: கோளாறின்போது காரின் கணினி காட்டும் கோடுக்கு (code) தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

> ‘பழுதுக் குறியீடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் என்பதில் ஐயமில்லை. தவறாகப் புரிந்துவிடும் என்பதே என் தயக்கம். பழுது என்றவுடன் எந்த உறுப்பு பழுது என்று கேட்கத் தோன்றுகிறது. பெரும்பாலான கோடுகள் உறுப்பைச் சுட்டுவதில்லை.

தானியங்கி கியர் பெட்டிக்குரிய பி0741-ஐ எடுத்துக்கொள்வோம். என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேரடியாக இணைக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும்படி கணினி கட்டளையிட்ட பின், என்ஜினின் சுழற்சியும், கன்வெர்ட்டரில் கியர் பெட்டிப் பக்கம் சுழலும் டர்பைனின் சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட வேண்டும். கோடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று, டர்பைன் 1850 என்று வேறுபாடு குறையாமலே நின்றால் இந்தக் கோடு பதிவாகும். எண்ணெய் குறைந்திருக்கலாம், கருகியிருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்காந்த வால்வான சோலினாய்டு சிக்கியிருக்கலாம், எண்ணெய் வழிகள் அடங்கிய வால்வு பாடியின் துளை தேய்ந்து அழுத்தம் கசியலாம், கிளட்ச்சின் உராய்வுப் பூச்சே போயிருக்கலாம். சோலினாய்டின் மின்சுற்றுக் கோளாறுக்கு பி0743 என்ற தனிக் கோடே உண்டு. ஆயினும் 0741-ஐப் பார்த்ததும் எண்ணெயைக்கூடப் பாராமல் சோலினாய்டை மாற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு மறுபடி எரியும்போது விழிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆகவே ‘பிறழ்வுக் குறி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். எதிர்பார்த்த அளவிலிருந்து ஏதோ ஒன்று விலகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை; காரணத்தைத் தேடும் வேலை மெக்கானிக்கிடமே இருக்கிறது. ‘மனப்பிறழ்வு’ நினைவுக்கு வருமே என்றால், வரட்டும், பொருள் ஒன்றுதான். ‘பிழைக்குறி’ நல்ல சொல்தான், ஆனால் அதை மென்பொருள்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

பி0700 மட்டும் எந்தச் சொல்லுக்கும் அடங்காது. ‘கியர் பெட்டியின் கணினியில் வேறொரு கோடு இருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்பதே அதன் செய்தி. என்ஜின் கணினியை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் வைத்திருப்பவர் அதோடு நின்றுவிடுவார். அதைப் பிறழ்வு என்பது சற்று இழுத்துப் பொருத்துவதுதான். பழுது என்பது அதைவிடப் பொருந்தாது.

இன்னொன்றும் மீதமிருக்கிறது. கோடு பதிவான கணத்தில் இருந்த வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றைக் கணினி சேமித்து வைக்கிறது. கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். அதற்குச் சிலர் வழங்கும் ‘உறைசட்டம்’ (freeze frame) எனக்கு ஒட்டவில்லை. ‘கணநிலைப் பதிவு’ பொருந்துமா என்று பட்டறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.