புதுப்பிப்பு: பயன்படுத்திய மடிக்கணினிக்கு விலை பேசி முடித்த விதம்

பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை அதன் உரிமையாளரிடமே நேரில் வாங்கும்போது, அவர் மனம் நோகாமலும் நான் ஏமாறாமலும் எப்படி விலை பேசுவது என்று இரண்டு வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கணினியை வாங்கிவிட்டேன்.

கைகொடுத்தது, பேட்டரி அறிக்கையைப் பார்த்த பிறகே விலையைச் சொல்லுங்கள் என்ற யோசனைதான். விண்டோஸிலேயே எடுக்கக்கூடிய அந்த அறிக்கையில், பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போது அது முழுமையாக ஏற்றுக்கொள்ளும் அளவும் தனித்தனியே இருக்கும். இரண்டாவது, முதலாவதில் 61 சதவீதமாகவே இருந்தது. அதைக் காட்டி, புதிய பேட்டரிக்கும் மாற்றும் கூலிக்கும் ஆகும் தொகையை மட்டும் குறைத்துக்கொள்ளும்படி கேட்டேன். வேறு குறைகளைத் தேடிப் பிடித்து அடுக்கவில்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார். பாதி விலையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள் என்ற யோசனையை நான் பின்பற்றவில்லை. பொருளை அக்கறையோடு வைத்திருந்தவரிடம் அப்படிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிர்பாராத ஒன்று: அவருடைய கணக்கு கணினியில் இன்னும் இணைந்திருந்தது. பணம் கொடுப்பதற்கு முன் அதை நீக்கி, கணினியை முழுமையாக மீட்டமைக்கச் சொன்னதால் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அவருடைய கோப்புகளுக்கும் அதுவே பாதுகாப்பு.

பிறகு என் பழைய கணினியை விற்றபோது, பேட்டரி அறிக்கையை விளம்பரத்திலேயே சேர்த்தேன். இரண்டாவதாக வந்தவர் பேரம் பேசாமலே வாங்கிக்கொண்டார்.