தூக்க மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவா?

திங்கஞ்சுன் அம்மா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரங்கூனில் மோகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடை வைத்திருக்கிறேன், வயது 52. 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் கட்டாயப் படைச்சேர்க்கை அறிவிப்பு வந்ததும் பயந்துபோய், ஒரே மகனை மலேசியாவுக்கு அனுப்பினோம். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். அவன் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். கரண்ட் இல்லாத இருட்டில் போனை வைத்துக்கொண்டு, அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தான் என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். நாலு மணிக்கு எழுந்து வாழைத்தண்டு நறுக்கணும். போன வாரம் கத்தி விரலில் இறங்கிவிட்டது.

டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது, "ஆண்டவர்மேல் பாரத்தை வைத்தவளுக்கு மாத்திரை எதற்கு?" என்று ஒரு சகோதரர் கேட்டுவிட்டார். அட்டை பிரிக்காமல் வேதப்புத்தகத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தாலும் "மகனைக் காப்பாற்றும்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என்ன செய்யட்டும்?

மோல்மேன் தாத்தா:
மகளே, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டான். அப்படியே தூங்கிப்போனான். தூதன் வந்து எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்று குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான், அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் விசுவாசம் குறைந்தாய் என்று கேட்கவே இல்லை. தூக்கமும் சாப்பாடும்தான் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த சுகம்.

அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்கு மிஷனரியாக வந்த ஜட்சன் ஐயாவையும் நினைத்துக்கொள். 1826-இல் மனைவி ஆன் இறந்தார், ஆறு மாதத்தில் இரண்டு வயது மகளும் போனாள். பிறகு மோல்மேன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார். தனக்கே குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1834-இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தவரும் இதே மனிதர்தான். இருட்டில் உட்கார்ந்ததற்காக ஆண்டவர் அவரைக் கைவிடவில்லை.

என் வீட்டுக்காரி போனபோது பரமண்டல ஜெபத்தில் "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்ததும் என் நாக்கு நின்றுவிடும். ஆலயத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் அந்த வரியைச் சொல்லுவார்கள், நான் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். ஏழெட்டு மாதம் இப்படித்தான் ஓடியது. "மகனைக் காப்பாற்றும்" முழு ஜெபம்தான், அதற்கு மேல் வராவிட்டால் விட்டுவிடு.

பெகு நர்ஸ்:
அக்கா, டாக்டர் சொன்ன அளவில் மாத்திரையைப் போடுங்கள். அளவையும் நாளையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், பத்து நாள் முடிந்ததும் திரும்பப் போய்க் காட்டுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியன்தான், கொலோசெயரில் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று எழுதுகிறார்.

மாத்திரையைவிட உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் போன் என்று நினைக்கிறேன். மலேசியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. அங்கே 11 மணிக்குத் தம்பி வேலை முடித்தால் இங்கே ஒன்பதரை. அந்த நேரத்துக்கு ஒரு குரல் மெசேஜ் போடச் சொல்லுங்கள். கேட்டதும் போனைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு 121-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். காக்கிறவர் உறங்குவதில்லை என்று அதில் இருக்கிறதே. அவர் விழித்திருக்கிறார், நீங்கள் படுங்கள். நைட் டூட்டி முடிந்து வந்து நான் செய்வது இதுதான்.

திங்கஞ்சுன் அம்மா:
தாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. நேற்று மாத்திரை போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு மெசேஜ் வந்தது, "அம்மா, கை கழுவிட்டேன், படுக்கப் போறேன், ஆமென்." போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு வந்தேன். சங்கீதம் முடிவதற்குள் கண் சொருகிவிட்டது. மூன்றே முக்காலுக்கு வீட்டுக்காரர் வந்துதான் எழுப்பினார்.