முகாமில் எடுத்த விழித்திரைப் படத்தில் நோய் இல்லை என்று கணினி சொல்லிவிட்டால், கண் மருத்துவரிடம் போக வேண்டியதில்லையா?

கேள்வி: உசிலம்பட்டியான்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவார் என்றாலும், கண்ணை மட்டும் இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்தது. மருத்துவர் யாரும் வரவில்லை. ஒரு பெண் சிறிய கேமராவால் இரண்டு கண்களையும் படம் எடுத்தார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதைப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தது. இடது கண்ணுக்கு நேராக "பரிந்துரை தேவையில்லை" என்றும், வலது கண்ணுக்கு நேராக "படத்தின் தரம் போதவில்லை" என்றும் இருந்தது. அடியில் "ஓராண்டு கழித்து மீண்டும் பரிசோதிக்கவும்" என்று எழுதியிருந்தது.

அம்மா நிம்மதியாகிவிட்டார். ஆனால் கடந்த சில வாரங்களாகப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை என்றும், வலது கண்ணில் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றும் சொல்கிறார். மதுரைக்குப் போகலாம் என்றால், "கம்ப்யூட்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதே, எதற்கு வீண் செலவு" என்கிறார். இந்த மென்பொருள்களை எவ்வளவு நம்பலாம்? அது சொன்னதை மீறி மருத்துவரிடம் அழைத்துப் போவது தேவையற்ற பயமா?

பதில் 1: கேமரா அறை

ஐயா, விழித்திரைப் படம் எடுப்பதே என் வேலை என்பதால் முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். "படத்தின் தரம் போதவில்லை" என்பதற்கு "நோய் இல்லை" என்று பொருள் கிடையாது. அந்தக் கண்ணைப் பற்றிக் கணினிக்கு எதுவுமே தெரியவில்லை என்றுதான் பொருள். நாங்கள் கற்ற முறைப்படி, படம் தெளிவாக விழாத கண்ணை நோயுள்ள கண்ணைப் போலவே கருதி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு கண்ணுக்கு முடிவே வராத நிலையில் அடியில் ஓராண்டு தவணை கொடுத்தது தவறு. அது மென்பொருளின் தவறா, அச்சிடும் படிவத்தை அமைத்தவரின் தவறா என்பது வேறு விஷயம்.

படம் ஏன் தெளிவாக விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குக் கண் பாவை சிறியதாக இருக்கும், அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் சிறிதாக இருக்கும். அறை நல்ல இருட்டாக இருந்தால் பாவை தானாக விரியும். பள்ளிக்கூட வகுப்பறையில், சன்னல் வழியே வெயில் அடிக்கும்போது அது எப்படி விரியும்? சொட்டு மருந்து விட்டு 20, 30 நிமிடம் உட்கார வைத்தால் படம் தெளியும். ஆனால் அதன் பிறகு சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சத்தில் கண் கூசும் என்பதால் முகாமுக்கு வருகிறவர்கள் தயங்குவார்கள், வரிசையும் நீளும். எனவே பெரும்பாலும் சொட்டு விடாமலே எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு முக்கியமான காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெள்ளை படர்ந்திருந்தால் எந்தக் கேமராவுக்கும் அதன் பின்னால் இருப்பது தெரியாது. 63 வயதில், புகை மூட்டம் என்று சொல்கிற ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தாய்லாந்தில் கூகுள் தன் மென்பொருளை 11 மருத்துவ மனைகளில் செவிலியர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காடு தரம் போதாது என்று கணினியால் தள்ளப்பட்டன. அந்த 11 இடங்களில் இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது இரண்டில் மட்டுமே. ஆய்வகத்தில் மிக நன்றாகத் தேறிய மென்பொருளுக்குத்தான் இந்த நிலை. 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வை வாசித்தபோது, யாரோ எங்கள் அறைக்குள் நின்று பார்த்து எழுதியதைப் போல எனக்கு இருந்தது.

பதில் 2: விழித்திரை மருத்துவர்

கேமரா அறை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் வேறொரு முனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வலது கண் படம் தெளிவாகவே விழுந்து "பரிந்துரை தேவையில்லை" என்று வந்திருந்தாலும்கூட உங்கள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்றே நான் சொல்லியிருப்பேன்.

இந்த மென்பொருள்களிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் படத்தில் சர்க்கரை நோயால் வந்த விழித்திரைப் பாதிப்பு, நடுத்தர நிலையிலோ அதற்கு மேலோ இருக்கிறதா? விழித்திரைப் பாதிப்பை இல்லை, லேசானது, நடுத்தரம், கடுமையானது, புதிய இரத்தக் குழாய்கள் முளைத்த முற்றிய நிலை என்று ஐந்து படிகளாகப் பிரிக்கிறோம். மூன்றாம் படியிலிருந்து மேலே இருந்தாலோ, விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தாலோதான் "பரிந்துரை தேவை" என்று வரும். லேசான பாதிப்பு இருக்கும் ஒருவருக்கும் "பரிந்துரை தேவையில்லை" என்றே வரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. கண் நீர் அழுத்த நோய், கண்ணாடி அளவில் மாற்றம், கண்புரை ஆகியவை அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. கேட்காத கேள்விக்குக் கணினி பதில் சொல்லாது.

மருத்துவரின் துணையின்றித் தானாக முடிவு சொல்ல அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஏப்ரலில் முதன்முதலாக அனுமதித்த விழித்திரை மென்பொருள் ஐடிஎக்ஸ்-டிஆர். 10 இடங்களில் 900 பேரிடம் சோதித்துப் பார்த்த பிறகே அந்த அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியிலேயே, நீடித்த பார்வைக் குறைவு, மங்கல், கண் முன் மிதக்கும் புள்ளிகள் ஆகியவை உள்ளவர்களை இந்தக் கருவியால் பரிசோதிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏனென்றால் இது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களில் யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்று சலித்தெடுக்கும் கருவி. தொந்தரவு தொடங்கிவிட்டவர் அந்தச் சல்லடையைத் தாண்டி வந்துவிட்டார். அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்: முகாமுக்குப் போன நாளில் கண் தெளிவாக இருந்தது, இப்போது மங்குகிறது, ஆகவே அந்தத் தாளுக்கு இனி மதிப்பில்லை.

இதைச் சொல்வதால் நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடி பேர். சர்க்கரை நோய் உள்ள, 40 வயதைக் கடந்தவர்களிடம் நாடு முழுவதும் செய்த மற்றோர் ஆய்வில் 12.5 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பும், 4 விழுக்காட்டினருக்குப் பார்வையே பறிபோகக்கூடிய நிலையும் இருந்தன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் நோய் கண்டறிந்த அன்றும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும். அத்தனை பேரையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க எங்களைப் போன்றவர்களின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் போதாது. வலி இல்லாமல், மங்கல்கூட இல்லாமல் வளரும் நோய் இது. மங்கல் தெரியும்போது லேசரும் ஊசியும் இருப்பதைக் காப்பாற்றுமே தவிர, போனதை முழுமையாக மீட்பது கடினம். அதனால்தான் ஊருக்குள் வரும் கேமரா எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பதில் 3: தரவுப் பொறியாளர்

நான் மருத்துவன் இல்லை. மருத்துவப் படங்களுக்கான மென்பொருள் எழுதுகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். "எவ்வளவு நம்பலாம்" என்ற பகுதிக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வில், 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி மென்பொருளைப் பழக்கினார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். மொத்தம் 54 மருத்துவர்கள். இத்தனை பேர் எதற்கு என்றால், ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு படி சொல்வது சகஜம். அதன் பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில், அனுப்பப்பட வேண்டிய நோயாளிகளில் 88.9 விழுக்காட்டினரை அது சரியாகப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 92.2 விழுக்காட்டினரைச் சரியாக விடுவித்தது. கையால் தரம் பிரிப்பவர்களுக்கு இது சளைத்ததில்லை.

இந்த எண்களை ஊருக்குள் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு கணக்குக்காக, முகாமுக்கு வந்த 1,000 சர்க்கரை நோயாளிகளில் 100 பேருக்கு அனுப்ப வேண்டிய அளவு பாதிப்பு இருப்பதாகவும், கருவி இரண்டு பக்கமும் 90 விழுக்காடு சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், 10 பேரை விட்டுவிடும். நோயில்லாத 900 பேரில் 810 பேரை விடுவித்து, 90 பேரை வீணாக அனுப்பும். ஆக, "போய்க் காட்டுங்கள்" என்று தாள் வாங்கிய 180 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் "தேவையில்லை" என்று தாள் வாங்கிய 820 பேரில் 10 பேருக்குத்தான் நோய், அதாவது ஏறத்தாழ 82-இல் ஒருவர். கருவியின் "இல்லை" அதன் "ஆம்" என்பதைவிட நம்பத் தகுந்ததாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு, அந்த 1,000 பேரில் யாரோ ஒருவரைப் பற்றியது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரையோடு இருப்பவர், இதுவரை ஒருமுறைகூடக் கண்ணைக் காட்டாதவர், இப்போது மங்கல் என்கிறவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், அந்த 82 என்ற எண் வேகமாகச் சுருங்கும், அதாவது நோய் இருக்கும் வாய்ப்பு கூடும். உங்கள் அம்மாவைப் பற்றி அந்தக் கேமராவுக்குத் தெரியாத மூன்று செய்திகள் உங்களுக்குத் தெரிகின்றன.

பதில் 4: சோழவந்தான் வாசகர்

எல்லாம் சரி. கடைசியில் மருத்துவரிடம்தானே போகச் சொல்கிறீர்கள்? அப்படியானால் நடுவில் இந்தக் கருவி எதற்கு? முகாம் நடத்திய பணத்துக்கு ஒரு மருத்துவரையே அழைத்து வந்திருக்கலாமே.

பதில் 5: வீடு தேடிப் போகிறவள்

சோழவந்தான் அண்ணனுக்கு: நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர். "கண்ணைக் காட்டுங்கள்" என்று நான் வாயால் சொன்னால் போகிறவர்கள் மிகக் குறைவு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மதுரைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ இன்னொரு நாள் சம்பளம் போகும். கண்ணில் தொந்தரவே இல்லாதபோது யார் போவார்கள்? அவர்களுடைய கண்ணின் உட்புறப் படத்தையே காட்டி, இந்தச் சிவப்புப் புள்ளிகள் இரத்தக் கசிவு என்று சொன்னால் சிலராவது கிளம்புகிறார்கள். அந்தச் சிலருக்காகவே எனக்கு இந்தக் கேமரா வேண்டும்.

ஆனால் தாள் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் எனக்கு வருத்தம். யார் போனார், யார் போகவில்லை, போனவருக்கு என்ன சொன்னார்கள் என்று பெயர் வாரியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்கிற கணினி, மூன்று மாதம் கழித்து "இவர் இன்னும் போகவில்லை" என்று எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

பதில் 6: விழித்திரை மருத்துவர்

தங்கை சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2024 அக்டோபரில் கூகுள் தன் விழித்திரை மென்பொருளை இந்தியாவில் ஃபோரஸ் ஹெல்த், மதுரையின் ஆரோலேப் ஆகிய நிறுவனங்களுக்கும், தாய்லாந்தில் ஒரு நிறுவனத்துக்கும் வழங்கி, பத்தாண்டுகளில் 60 இலட்சம் பரிசோதனைகளை நோயாளிக்குச் செலவின்றிச் செய்வதாக அறிவித்தது. எண்ணிக்கை பெரிதுதான். அந்த 60 இலட்சத்தில் அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் லேசருக்கோ ஊசிக்கோ வந்து சேர்ந்தார்கள் என்ற எண்ணையும் அதோடு சேர்த்து வெளியிட்டால், எங்களுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் இருக்காது.

உசிலம்பட்டியானுக்கு ஒரு குறிப்பு: போகும்போது அந்தத் தாளையும், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை முடிவையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பாவை விரிய சொட்டு விடுவார்கள் என்பதால் அம்மாவைத் தனியே பேருந்தில் அனுப்ப வேண்டாம்.

உசிலம்பட்டியான்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வியாழக்கிழமை அம்மாவை அழைத்துப் போய் வந்தேன். சொட்டு விட்டுப் பார்த்ததில் இடது கண்ணில் லேசான பாதிப்பு, அதாவது இரண்டாம் படி. மருத்துவர் ஐயா சொன்னபடியே, கருவி அதைத் தவறாகச் சொல்லவில்லை. அதன் அளவுகோலில் அது "தேவையில்லை"தான். வலது கண்ணில் கண்புரை. அதன் பின்னால் நடுத்தர நிலையில் பாதிப்பு இருக்கிறது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மையத்தில் சிறிது வீக்கமும் தெரிந்ததால், புரை அறுவைக்கு முன்பு ஊசி போட வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் முதல் ஊசி.

முகாம் நடத்தியவர்களைத் தொலைபேசியில் அழைத்து அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். முதலில் சமாதானம் சொன்னார்கள், பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு அவர்களே திரும்ப அழைத்தார்கள். ஒரு கண்ணுக்கோ இரண்டு கண்ணுக்குமோ "தரம் போதவில்லை" என்று வந்த எல்லோருக்கும் அதே ஓராண்டுத் தவணைதான் அச்சாகியிருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் அப்படி இரண்டு பேர். ஒருவரிடம் நேற்று மாலை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னொருவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறாராம், எண் கேட்டிருக்கிறேன்.