புதுப்பிப்பு: ரிட்டயர் ஆனபிறகு பறவை வீடியோ, காத்து இரைச்சல் பாதி தீந்தாச்சு

மக்கா, ரிட்டயர் ஆகி கேமரா வாங்கினேன், வீடியோல காத்து இரைச்சல் தவிர ஒண்ணும் கேக்கலன்னு போட்டிருந்தேன்லா, அதுக்கு அப்டேட் இது. நீங்க சொன்னபடி மைக்குக்கு ரோமக் கவர் போட்டேன், நல்லாவே கொறஞ்சுது, ஆனா ஆரல்வாய்மொழி பக்கம் தென்மேற்குப் பருவக்காத்து அடிச்சா எந்தக் கவரும் நிக்காது, சும்மாவா அங்க காத்தாலை நட்டு வச்சிருக்காங்க.

அதனால இப்ப தேரூர் குளம்தான், 2022ல ராம்சார் லிஸ்ட்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வந்த இடம். தாமரை இலைமேல இலைக்கோழிங்கிற நீர்ப்பறவை நடக்குறத பாக்கணும், விரல் அவ்வளவு நீளம், இலை லேசா அமுங்கி ஓரத்துல தண்ணி ஏறும், அதுக்குள்ள காலு அடுத்த இலைக்குப் போயிரும். முட்டைய அடைகாத்து குஞ்சு வளக்குறது ஆண்தான்னு சொன்னா வீட்டுக்காரி நம்பவே இல்ல!

வீடியோவுக்கு செகண்டுக்கு 25 ஃப்ரேம், அதுக்கு ஷட்டர் 1/50 செகண்டு வச்சா வெயில் ஏறினதும் படம் வெளுத்துருது, லென்ஸுக்கு முன்னால வெளிச்சத்த கொறைக்கிற என்டி ஃபில்டர் போட்டதும் சரியாச்சு. காளிகேசம் காட்டுக்குள்ள ட்ரோன் விடுற ஐடியாவ விட்டாச்சு, வனத்துறை அனுமதி இல்லாம அது நடக்காது.

கால் முட்டு தாங்குதான்னு கேட்ட அண்ணாச்சிக்கு: மருந்துவாழ்மலை ஏறியாச்சு, இறங்கும்போதுதான் கம்பு வேணும். லேசான ட்ரைபாட் எது நல்லதுன்னு யாராவது சொல்லுங்க, இப்ப உள்ளது கல்லு கனம்.