பேலஸ்ட் வாட்டரை ஈடுநீர் என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கப்பல் நிலையாக மிதக்க அதன் தொட்டிகளில் நிரப்பும் தண்ணீர்தான் பேலஸ்ட் வாட்டர். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: நிலைநீர், சமநிலை நீர், கனநீர், பாரநீர். இருபது வருடம் கப்பலின் என்ஜின் அறையில் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நான்குமே எனக்கு ஒப்பவில்லை.

கனநீரை முதலில் தள்ளிவிடலாம். அது கல்பாக்கம் அணு உலையில் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்ட சொல். பாரநீர் அதன் தம்பி மாதிரி ஒலிக்கிறது. நிலைநீர் என்றால் தேங்கிய தண்ணீரும் கொசுவும்தான் ஞாபகம் வருகின்றன. சமநிலை நீர் பரவாயில்லை, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. சரக்கை இறக்கியதும் கப்பல் மேலே எழும்பிவிடும். புரொப்பெல்லரும் சுக்கானும் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும், கடலில் ஓட்ட முடியாது. அதனால் இறங்கிய எடைக்கு ஈடாகக் கடல்நீரை இழுத்துத் தொட்டிகளில் நிரப்புவார்கள். பெரிய கப்பலென்றால் பல்லாயிரம் டன். பாய்மரக் காலத்தில் இந்த வேலையைக் கல்லும் மணலும் செய்தன.

'ஈடாக' என்று என்னை அறியாமலே எழுதிவிட்டேன் பாருங்கள். ஈடுநீர். இதுதான் என் பரிந்துரை.

ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் தண்டவாளத்தின் அடியில் கொட்டுவதும் பேலஸ்ட், டியூப்லைட்டில் மாட்டுவதும் பேலஸ்ட். நம் ஊரில் ஒன்று ஜல்லி, இன்னொன்று சோக். தண்டையார்ப்பேட்டை எலக்ட்ரிக் கடையில் போய் 'நிலைப்படுத்தி' கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். மூன்றும் மூன்று பொருள், மூன்று சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈடுநீர் என்ற சொல்லில் இன்னொரு வசதி. சரக்கு இறங்கும் துறையில் ஈடுநீர் ஏறும், சரக்கு ஏறும் துறையில் ஈடுநீர் இறங்கும். இந்தக் கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணூர் ஆற்றில் பரவிவிட்ட காக்கா ஆழி என்ற அயல்நாட்டுச் சிப்பியைப் பற்றிப் பேச்செடுத்தால், அதைக் கொண்டுவந்தது என்று எல்லாரும் நிலக்கரிக் கப்பலைத்தான் கை காட்டுகிறார்கள். நிலக்கரிக் கப்பல் காமராஜர் துறைமுகத்துக்குச் சுமையோடு வந்து, இறக்கிவிட்டு வெறுமையாகப் போவது. அது பெரும்பாலும் எண்ணூர்த் தண்ணீரை மொண்டுகொண்டு போகுமே தவிர, இங்கே கொட்டாது. கொட்டக்கூடியது இங்கிருந்து சரக்கு ஏற்ற வரும் கப்பல்: இப்போது கார் ஏற்ற வருவது, முன்பு சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்ற வந்தது. காக்கா ஆழியின் பூர்வீகம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காக் கரைகள். அதன் இளம்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதப்பவை, பம்பின் வலைக்கெல்லாம் சிக்காது. ஈடுநீரில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கொட்டலசு மாதிரி கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

சேர்ந்து வரும் சொற்களுக்கும் இது வளையும். ஈடுநீர் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 2004இல் உருவாகி 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் தொடக்கத்தில் இரண்டு வழி இருந்தது; 2024 செப்டம்பரிலிருந்து பொதுவாக இரண்டாவதுதான். ஒன்று ஈடுநீர் மாற்று: கூடுமானவரை கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீட்டராவது ஆழமுள்ள இடத்தில், துறைமுக நீரை வெளியேற்றி நடுக்கடல் நீரை ஏற்றுவது. கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்ற நம்பிக்கை. இன்னொன்று ஈடுநீர்ச் சுத்திகரிப்பு: வடிகட்டி, புற ஊதாக் கதிராலோ குளோரினாலோ கொல்வது. வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். 'சமநிலை நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

*

மறுமொழி:

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எண்ணூரில் பாடம் எடுப்பவள். இங்கே ஈடு என்றால் பிள்ளைகளுக்கு இழப்பீடுதான். வீட்டுக்கு வீடு ஒரு மனு இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவர்கள் இப்போது காலை வைத்தால் ஓடு கிழிக்கிறது. அடிச்சேறு முழுக்க ஜமுக்காளம் விரித்த மாதிரி காக்கா ஆழி, மட்டி கிடைப்பதே இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் போய் 'ஈடுநீர்' என்றால், ஈடு கொடுக்கிற தண்ணீரா டீச்சர் என்று கேட்பார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த உயிரினங்களுக்கு 'ஆக்கிரமிப்பு இனம்' என்று பட்டியலில் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசை வாசலில் ஒட்டும் நோட்டீஸில் வருவது. அதை மாற்றுங்கள்.

*

டீச்சர், பிள்ளைகள் அப்படிக் கேட்டால் நல்லதுதான், நான் அந்தக் கேள்விக்காகவே சொல்லை வைத்துக்கொள்வேன். ஈடு என்பதற்கு இரண்டு பொருளும் மொழியில் முன்பே உண்டு. 'எடைக்கு ஈடு' என்று ஒரு தராசை வரைந்து காட்டினால் ஐந்தாம் வகுப்புக்கும் புரியும்.

ஆக்கிரமிப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி, எனக்கு உறைக்கவே இல்லை. 'வந்தேறி' அதைவிட மோசம், மனிதர்களைத் திட்டப் பயன்பட்ட சொல். 'ஊடுருவி' என்றால் எல்லைப் பாதுகாப்புப் படை வந்துவிடும். 'பரவு அயலினம்' என்று வைக்கலாமா? அயலிலிருந்து வந்தது, வந்த இடத்தில் கட்டில்லாமல் பரவுவது, இரண்டும் அடங்கிவிடுகிறது. வந்த எல்லாமே கெடுதி செய்வதில்லை, அதனால் 'பரவு' முக்கியம். காக்கா ஆழிக்கு மட்டும் யாரும் புதுச்சொல் ஆக்க வேண்டாம். கறுத்த ஓட்டைப் பார்த்தாலே விளங்குகிற பெயர், ஆற்றில் இறங்குகிறவர்கள் வைத்தது.

பாக்கி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே தண்ணீரோடு தொட்டியின் அடியில் படிவதும் சேர்ந்து வருகிறது. சும்மா இல்லை, எத்தனையோ நுண்ணுயிர்களின் உறங்கும் வித்துகள் அதில்தான் கிடக்கும். நாங்கள் உள்ளே இறங்கி வாளியில் அள்ளியபோது சேறு என்றுதான் சொன்னோம். பட்டியலுக்கு ஈடுநீர் வண்டலா, ஈடுநீர்ச் சேறா? என் ஓட்டு சேற்றுக்கு.