கில்ட்டுக்கு விலை எழுதி வாங்குவது: காப்பீட்டுக்கும் கண்காட்சிக்கும்

கில்ட் என்பது முன்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என மூன்றடுக்காகத் தைத்த அலங்காரப் போர்வை. கையால் தைத்த கில்ட்டைக் கண்காட்சிக்கு அனுப்பும் முன் எடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி. அமெரிக்காவில் சாதாரண வீட்டு பாலிசிக்கு கில்ட்டும் வெறும் போர்வைதான். தீயில் போனாலும் திருடு போனாலும் கடைப் போர்வையின் விலையில் தேய்மானம் கழித்துக் கையில் கொடுப்பார்கள். எட்டு மாதம் தைத்தது என்று ஏஜெண்டிடம் சொல்லிப் பயனில்லை, அவருக்குக் காகிதம் வேண்டும். தகுதியுள்ள மதிப்பீட்டாளர் எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டை வைத்து அந்த ஒரு பொருளை மட்டும் தனியாகப் பட்டியலிட்டு ரைடர், அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் காப்பு, சேர்க்க வேண்டும். ரைடரில் பெரும்பாலும் கழிவுத்தொகை (நஷ்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) இருக்காது, தொலைந்துபோவதும் அடங்கும். ஆனாலும் ஏஜெண்டிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வீட்டை விட்டு வெளியே போனால் செல்லுமா, வழியில் கூரியரிடம் இருக்கும்போது செல்லுமா, வெள்ளம் அடங்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கில்ட் விற்று வருமானம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டு பாலிசி வியாபாரச் சரக்கைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும், அவர்களுக்குத் தனி வியாபார பாலிசிதான் வழி.

*

ரைடருக்குப் போகும் முன்பே பலர் தடுக்கி விழுவது மதிப்பீட்டின் வகையில். ஒரே கில்ட்டுக்கு இரண்டு விலை உண்டு. காப்பீட்டுக்கு எழுதுவது மாற்று மதிப்பு: இதே தரத்தில் இன்னொன்றைச் செய்ய வைக்கவோ வாங்கவோ ஆகும் செலவு. நன்கொடைக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் எழுதுவது சந்தை மதிப்பு: விற்க விரும்புபவரும் வாங்க விரும்புபவரும் கட்டாயமின்றி ஒத்துக்கொள்ளும் விலை. இரண்டாவது பெரும்பாலும் குறைவாகவே வரும், சில சமயம் பாதிக்கும் கீழே. மதிப்பீட்டாளரின் மேசையில் உட்காரும்போதே எதற்காக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சந்தை மதிப்புச் சான்றை இன்சூரன்ஸுக்குக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு.

ஏல விலைச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1867இல் தைத்த ‘ரிகன்சிலியேஷன் கில்ட்’ 1991இல் சதபீஸ் ஏல நிறுவனத்தில் 2,64,000 டாலருக்குப் போனது உண்மை. அது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காட்சிகளை அப்ளிக்கில் (துணியை வெட்டி மேலே வைத்துத் தைக்கும் முறை) சொன்ன, வேறெதுவும் ஈடில்லாத கில்ட், இன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாட்டி தைத்த ‘டபுள் வெட்டிங் ரிங்’ என்ற வழக்கமான வளைய வடிவக் கில்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

*

யாரிடம் போவது? கென்டக்கியின் படூக்காவில் உள்ள அமெரிக்கன் கில்ட்டர்ஸ் சொசைட்டி தேர்வு வைத்துச் சான்றளித்த மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். பெரிய கண்காட்சிகளில் அவர்களுக்குத் தனி மேசை உண்டு, நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். கட்டணம் ஒரு கில்ட்டுக்கு ஐம்பதிலிருந்து நூறு டாலருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கும் ஆளுக்கும் தக்கபடி மாறும்.

இரண்டு அடையாளங்கள் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்றால் அவர் ‘யூஸ்பாப்’ என்ற அமெரிக்க மதிப்பீட்டு நெறிகளை மீறுகிறார். விலை சொல்லிவிட்டு ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் அந்த விலையை நம்ப வேண்டாம். புகைப்படத்தைப் பார்த்து மட்டும் எழுதுவதும் பலவீனமான காகிதம்தான். பின்துணியைத் தடவாமல், உள்பஞ்சை விரலால் உணராமல் என்ன எழுத முடியும்?

*

மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். கில்ட்டை விரித்துப் போட்டு நீள அகலம் அளப்பார்கள். நான்கு ஓரமும் ஒரே அளவில் இருக்காது, அதையும் குறிப்பார்கள். முன்துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவார்கள். கைத்தையலில் 8 முதல் 10 வந்தால் நல்லது, 12 அரிது. பைண்டிங், அதாவது ஓரத்தைச் சுற்றித் தைத்த பட்டி, ஒற்றை மடிப்பா இரட்டையா, மூலைகள் சரியாக மடிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பைண்டிங்கில்தான் தேய்மானம் முதலில் தெரியும். இருட்டு நிறத் துணியின் மேல் வெள்ளைப் பஞ்சு இழைகள் எட்டிப்பார்த்தால் அதுவும் குறைதான். பூனை முடி, சிகரெட் வாசனை, நாஃப்தலின் உருண்டை வாசனை எல்லாம் விலையை இறக்கும்.

கூட எடுத்துப்போக வேண்டியவை: துணி வாங்கிய ரசீதுகள், பேட்டர்னின் பெயர், லாங்ஆர்ம் (மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய இயந்திரம்) காரருக்குக் கொடுத்த பில், பரிசு ரிப்பன் இருந்தால் அதன் படம், நீங்களே எடுத்த முன்-பின் புகைப்படங்கள். லேபிள் தைத்திருக்க வேண்டும்: பெயர், தலைப்பு, முடித்த ஆண்டு. பின்பக்கம் கீழ் மூலையில் தைப்பார்கள். லேபிள் இல்லாத நல்ல கில்ட்டைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, அதைத் தைக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது.

*

‘புதிய கில்ட்டுக்குக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரி. குயீன் கட்டில் அளவு, 90க்கு 100 அங்குலம், அதாவது 9,000 சதுர அங்குலம். லாங்ஆர்மில் எளிய வடிவத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 3 சென்ட் என்றால் 270 டாலர், அடர்த்தியான தனிவடிவத்துக்கு 7 சென்ட் என்றால் 630. பின்துணிக்கு 42 அங்குல அகலத் துணியில் சுற்றிலும் நான்கு அங்குலம் கூட விட்டு, குறுக்குத் தையல் போட்டு இணைத்தால் சுமார் 8¼ கஜம். முன்துணிக்கு வடிவத்தைப் பொறுத்து 8 முதல் 10 கஜம். நல்ல பருத்தி கஜம் 13 டாலர் என்று வைத்தால் துணி மட்டுமே 210 முதல் 240 டாலர் ஆகிவிடும். இதற்கு மேல் உள்பஞ்சு, நூல், வெட்டி இணைத்த உழைப்பு. அந்தப் பகுதியில் கூலிக்குத் தைப்பவர்கள் மணிக்கு என்ன வாங்குகிறார்களோ அதுதான் அளவு. நீங்கள் மெதுவாகத் தைத்தீர்கள் என்பதற்காக மணிநேரம் கூடாது.

கையால் முழுவதும் கில்ட்டிங் செய்ததென்றால், அதாவது மூன்றடுக்கையும் கையாலேயே சேர்த்துத் தைத்ததென்றால், கணக்கே வேறு. இதே அளவு வேலையை இன்று யார், என்ன விலைக்குச் செய்து தருவார்கள் என்று மதிப்பீட்டாளர் தேடிப் பார்ப்பார்.

*

பழைய கில்ட் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து துவைக்காதீர்கள். மேலே சொன்ன வாசனைக்குப் பயந்து மெஷினில் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பருத்தியில் பழுப்பு, கறுப்புப் பகுதிகள் இரும்பு உப்பு சேர்த்த சாயத்தால் ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். தண்ணீர் பட்டால் பொடிந்து விழும். 1880களின் கிரேஸி கில்ட்டில் (ஒழுங்கற்ற வடிவத் துண்டுகளை இணைத்தது) பட்டுக்கு எடை ஏற்ற உலோக உப்பு ஏற்றியிருப்பார்கள், அது தானாகவே கீறல் கீறலாகக் கிழியும். தண்ணீரோ ஒட்டுத்துணியோ அதற்கு மருந்தில்லை. காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விரித்து வைத்தால் வாசனை பாதி போகும், அது போதும்.

வயதைக் கணிப்பதிலும் சில கட்டுக்கதைகள் உலவுகின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் பருத்தி விதைத் துணுக்குகள் தெரிகின்றன, ஆகவே 1793க்கு முந்தையது என்பார்கள். அந்த ஆண்டில் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகும் மலிவான பஞ்சில் துணுக்குகள் இருந்தன. புற ஊதா விளக்கில் பளபளத்தால் புதிய துணி என்பதும் பாதி உண்மையே. பழைய கில்ட்டை ஒரே ஒரு முறை இன்றைய சோப்புத்தூளில் அலசினாலும் அது பளபளக்கும். இன்னொன்று: 1930களின் முன்துணியை எடுத்துப் போன வருடம் கில்ட்டிங் செய்தால், மதிப்பீட்டில் அது போன வருடத்துக் கில்ட். ஆகப் புதிய பாகம் எதுவோ அதன் தேதிதான்.

ஒரு கூடுதல் செய்தி. அமெரிக்காவின் மிகப் பழைய அப்ளிக் கில்ட்டுகள் சிலவற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயமிட்ட சீட்டித் துணியின் பூக்களை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதில் சாயம் கையால் தீட்டியதா அச்சிட்டதா என்று பார்க்கத் தெரிந்த மதிப்பீட்டாளரைத் தேடிப்பிடித்துக் காட்டுங்கள்.

*

கண்காட்சிப் பக்கத்துக்கு வருவோம். கம்பி நுழைத்துத் தொங்கவிட, பின்பக்கம் தைக்கும் துணிக்குழல் பெரும்பாலும் 4 அங்குலம் கேட்பார்கள். 9 அங்குல அகலப் பட்டை வெட்டி, இரு முனையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் குழலாக்கினால் சரியாக வரும். நீளம் கில்ட்டின் அகலத்தை விட இரு பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும். மேல் ஓரத்தை பைண்டிங்குக்குச் சற்றுக் கீழே கையால் தைத்துவிட்டு, கீழ் ஓரத்தைத் தைக்கும் முன் குழலின் வெளித்துணியை அரை அங்குலம் தளர்த்திக்கொள்ள வேண்டும். தளர்ச்சி இல்லையென்றால் கம்பியின் தடிமன் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும், நடுவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஊசி பின்துணியையும் பஞ்சையும் பிடிக்கட்டும், முன்துணிக்கு வரக் கூடாது. 80 அங்குலத்துக்கு மேல் அகலமென்றால் குழலை இரண்டாக வெட்டி நடுவில் இடைவெளி விடுங்கள், அங்கே ஒரு தாங்கி போட முடியும்.

எழுத்து மதிப்பீடு இல்லாத கில்ட்டுக்குப் பல கண்காட்சிகள் ஒரு சிறு உச்சவரம்பு வரைதான் பொறுப்பேற்கும். அந்தத் தொகை நுழைவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் மதிப்பு எழுதினால் சான்றின் நகலைக் கேட்பார்கள். நகலை மட்டும் அனுப்புங்கள், மூலம் வீட்டில் இருக்கட்டும்.

*

அடுத்தது பார்சல். கூரியரில் எழுதும் ‘டிக்ளேர்டு வேல்யூ’ இன்சூரன்ஸ் அல்ல. கலைப்பொருளுக்கு அவர்கள் தனி வரம்பு வைத்திருப்பார்கள், அதற்கு மேல் எத்தனை எழுதிக் கட்டணம் கட்டினாலும் கிடைப்பது அந்த வரம்புதான். விதிகளை அனுப்பும் வாரத்தில் ஒருமுறை படியுங்கள்.

கில்ட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை, பிறகு புதிய கெட்டியான பெட்டி. பெட்டியின் மேல் ‘கில்ட்’ என்ற சொல் எங்கும் வேண்டாம், கண்காட்சியின் பெயரில் அந்தச் சொல் இருந்தால் சுருக்கி எழுதுங்கள். மேல் மூடிக்குக் கீழே ஓர் அட்டை வையுங்கள், திறப்பவர் கத்தியை எவ்வளவு ஆழமாக இறக்குவார் என்று தெரியாது. முகவரிச் சீட்டின் இன்னொரு பிரதி உள்ளே.

*

தானம் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும். வரிக்கழிவு 5,000 டாலருக்கு மேல் கேட்டால் தகுதியுள்ள மதிப்பீடும் வரித்துறையின் 8283 படிவமும் வேண்டும், மதிப்பீடு தானத்துக்கு 60 நாளுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. நீங்களே தைத்ததைத் தானம் செய்தால் வரிக்கழிவு துணி, நூல், பஞ்சு செலவுக்கு மட்டும். உழைப்புக்கு வரித்துறை ஒரு சென்ட் கூடத் தராது.

காப்பீட்டுச் சான்றை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், பரிசு வாங்கினால் உடனே.