செயற்கை நுண்ணறிவுப் பதில்களில் எங்கள் பக்கம் சான்றாக வராதது ஏன்?

கேள்வி (பத்தமடை):
வணக்கம். பாய் நெசவுக் குடும்பங்களுக்காக ஓர் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். கோரையைக் கீறித் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போடுவது முதல் சாயமேற்றித் தறியில் நெய்வது வரை, நெசவாளர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறோம். ஆனால் ‘பத்தமடைப் பாய்க்குக் கோரையை எப்படிப் பதப்படுத்துவது’ என்று தேடினால், மேலே வரும் பதில் ஒரு விற்பனைத் தளத்தையும் ஒரு சுற்றுலாத் தளத்தையுமே சான்றாகக் காட்டுகிறது. அவற்றிலோ இதைப்பற்றி இரண்டு வரிக்கு மேல் இல்லை. இதற்குப் பணம் கட்ட வேண்டுமா?

பதில் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, சான்று இணைப்பை வாங்கித் தருவதாக யாராவது தொகை கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இத்தகைய பதில்கள் பெரும்பாலும், கேள்விக்குப் பொருத்தமான பக்கங்களைத் தேடல் அட்டவணையிலிருந்து (தேடுபொறி முன்பே படித்துச் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்பு) முதலில் எடுத்து, அவற்றின் பகுதிகளைக் கொண்டு விடையை எழுதி, அந்தப் பக்கங்களையே சான்றாக இணைக்கின்றன. கூகுள் ஒரே கேள்வியைப் பல துணைக் கேள்விகளாகப் பிரித்தும் தேடுவதால், வழக்கமான முடிவுகளில் முதலில் நிற்கும் தளம்தான் இங்கும் வரும் என்பதில்லை. பக்கம் அட்டவணையில் இருக்க வேண்டும், அதன் சிறுபகுதியைக் காட்டத் தடை இருக்கக் கூடாது. இதற்கென வேறு தொழில்நுட்பத் தகுதி எதையும் கூகுள் கேட்பதில்லை. பக்கம் அட்டவணையில் இருக்கிறதா என்றறிய, அதிலுள்ள ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்:
தளத்தின் பெயரைத் தேடினால் வருகிறது, வாக்கியத்தைத் தேடினால் வரவில்லை. பழைய கட்டுரைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை.

பதில் (அம்பாசமுத்திரம்):
கோளாறு அங்கேதான் இருக்கிறது. பாமினியில் ‘பத்தமடை’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கோப்புக்குள் ஜி, ஜே, அரைப்புள்ளி, ஜே, கே, ஐ, எல் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறதே தவிர, தேடுபொறி படிப்பது உள்ளே இருப்பதைத்தான். எனவே நெசவாளர் சொன்ன நுணுக்கம் அத்தனையும் அதற்கு வெறும் குப்பை. தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடில் இருக்கும் இரண்டு வரி விற்பனைக் குறிப்பே படிக்கக் கூடிய ஒரே விடையாகிவிடுகிறது. அச்சகங்களில் பழகிய நம் பக்கத்து ஆட்கள் பலர் இன்றும் இப்படித்தான் வலையேற்றுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். பாமினியை யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழெழுத்தாக்கிச் சிதைத்துவிடும் என்பதால், மாற்றியபின் வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள்.

பதில் (பாளையங்கோட்டை):
மாற்றும்போதே, ஊறவைத்தல், கீறுதல், சாயமேற்றுதல் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு இட்டு, முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிடுங்கள். தேர்வாவது பெரும்பாலும் ஒரு பத்திதான், முழுத் தளம் அன்று. அப்போதும் இடம் உறுதி என்று சொல்ல மாட்டேன். இணைக்கப்பட்ட பக்கத்தில் இல்லாததைக்கூட இந்தப் பதில்கள் சில வேளை சொல்லிவிடுகின்றன.

கேட்டவர்:
ஊறவைத்தல் பக்கத்தை முதலில் மாற்றுகிறேன். பழைய முகவரியையே வைத்துக்கொள்ளலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்):
வைத்துக்கொள்ளலாம். பிறகு, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் என்ற சேவையில் அந்த முகவரியை இட்டு, மீண்டும் அட்டவணைப்படுத்தக் கோருங்கள். உடனே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.